மறியலும் மலையும்

வழியை மறித்து நடத்தும் போராட்டம் பயன் தருமா என்று கேட்டால், மறித்தவன் யோக்கியனா, அவன் கோரிக்கை நியாயமா என்று பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். பயன் என்பது வேறு விஷயம். அதைச் சரித்திரத்தில்தான் பார்க்க வேண்டும். போடிநாயக்கனூருக்கு மேலே மலையின் இரு சரிவுகளிலும் நடந்த இரண்டு காரியங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, நியூட்ரினோ ஆய்வுக்கூடம். நீலகிரியில் சிங்காராவில் அமைக்க நினைத்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகம் அருகிலிருந்ததால் 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. திட்டம் போடி மேற்கு மலைக்கு, பொட்டிபுரத்துக்கு வந்தது. மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே 50,000 டன் இரும்பாலான கருவி. 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், கட்சிகளும் வந்தன. எதிர்ப்பில் கதிர்வீச்சு பற்றிய பயமும் கலந்திருந்தது. நியூட்ரினோ ஒவ்வொரு விநாடியும் நம் உடம்பினூடே கோடானுகோடியாகக் கடந்துபோகும் துகள். கூடம் அதைக் கவனிக்க மட்டுமே செய்யும். இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. பாறையை வெடிவைத்துப் பெயர்ப்பது பற்றிய கவலைக்கு இருந்தது.

2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, முன்பு தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம் கதிர்வீச்சு அல்ல, தூரம். கேரளப் பக்கத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது; வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022 பிப்ரவரியில் மாநில அரசு, இத்திட்டத்துக்கு இசைய முடியாதென்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆக, கூட்டம் வாங்கித் தந்தது காலத்தை. காரணத்தைத் தந்தது சட்டம். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நின்றிருக்காது என்று கருதுகிறேன்.

மற்றது, மலைக்கு அந்தப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி மாதவ் காட்கில் குழு 2011இலும் கஸ்தூரிரங்கன் குழு 2013இலும் அறிக்கை தந்தன. 2013 நவம்பரில், கேரளத்தின் 123 கிராமங்களைச் சூழல் கூர்உணர்வுப் பகுதியாக மத்திய அரசு அறிவித்தது. இடுக்கியில் கடையடைப்பு, மறியல். நிலம் பறிபோகும் என்ற பயத்தில் சிறு விவசாயியும் நின்றான். 2014 மார்ச்சில் வந்த வரைவில், 13,108 சதுர கிலோமீட்டராக இருந்த பகுதி 9,993.7 ஆகச் சுருங்கியது. காட்கில் அறிக்கையை ஆதரித்த இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்கு அவருடைய கட்சி அடுத்த தேர்தலில் அங்கே இடம் தரவில்லை. பொட்டிபுரத்தில் பல வருஷம் பிடித்த வெற்றி இங்கே நாலு மாதத்தில் கிடைத்தது.

ஒரே மலை, ஒரே ஆயுதம். ஒரு பக்கம் மலையைக் குடையாதே என்றது, இன்னொரு பக்கம் மலையைக் காக்காதே என்றது. இரண்டும் பலித்தன. எனவே மறியல் பலிப்பது அதன் நியாயத்துக்குச் சாட்சியல்ல. இரண்டு இடத்திலும் தடுப்பதற்கு ஒரு திட்டம் இருந்தது, கையெழுத்திட ஒரு அதிகாரி இருந்தார், பயப்பட ஒரு தேர்தல் இருந்தது. பலித்ததன் ரகசியம் அவ்வளவே. செலவும் ஒன்றுதான். போடியிலிருந்து விடியலில் ஜீப் ஏறும் தோட்டத் தொழிலாளிக்கு, ஜீப் மலையேறாத நாளில் கூலி இல்லை. அந்தக் கணக்கை இரு தரப்பும் எழுதவில்லை.

2024 கோடையில் ஏலத்தோட்டங்களில் செடிகள் வெயிலில் கருகின. யாரை மறிப்பது? வெப்பத்துக்கு வாசல் இல்லை. லண்டனில் 2022 அக்டோபரில் இரண்டு பேர் வான்காவின் சூரியகாந்தி ஓவியத்துக் கண்ணாடிமேல் சூப்பை வீசியதை இந்தத் திகைப்பிலிருந்தே புரிந்துகொள்கிறேன். மறிக்க வேண்டிய வாசல் கைக்கு எட்டாதபோது, எட்டுகிற வாசலை மறிக்கிறார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் பார்ப்பவன் கையெழுத்திடுபவன் அல்ல.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதிக விளைச்சலுக்காகக் கிளை கழித்து மெலிந்துபோன நிழல்மரங்களைத் திரும்ப வளர்க்க, விலை, கடன், சட்டம், பக்கத்துத் தோட்டக்காரரோடு சலிக்காத பேச்சு எல்லாம் தேவை. ஒரு காரியத்தை நிறுத்த மறியல் போதும். ஒரு மரத்தை இருபது வருஷம் நிற்கவைக்க அது போதாது.