கருங்காலி செய்த குற்றம் என்ன?

எங்கட ஆக்கள் ஒருவனைக் காட்டிக்கொடுத்தவன் எண்டு ஏசுவதற்குப் பாவிக்கிற சொல் 'கருங்காலி'. வேலைநிறுத்தம் நடக்கையில் உள்ளே போய் வேலை செய்பவனுக்கும் அதே பெயர்தான். கருங்காலிக் கட்டையைக் கோடரிக்குக் காம்பாகப் போட்டு, அதே கோடரியால் காட்டை வெட்டினதால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த மரத்தின் சரித்திரம் வேறு கதை சொல்லுகிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம் இது. எங்கட வன்னி, திருகோணமலைக் காடுகளுக்கும் சொந்தமானது. வெளிக்கட்டை வெளிறி இருக்கும். உள்ளே வைரம் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். தண்ணீரில் போட்டால் தாழும். உலக்கை, கைத்தடி எல்லாம் இதில் செய்தார்கள். ஆனால் மிக மெதுவாக வளரும் மரம். வைரம் பாய ஒரு தலைமுறை காணாது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கருங்காலியில் கதிரை, கட்டில் செய்வித்தார்கள். அக்காலத்தில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் செதுக்கிய கருங்காலிக் கதிரைகள் இங்கிலாந்து வரை போயின. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் அப்படியான கதிரைகளை, பழைய டியூடர் மன்னர் காலத்து இங்கிலாந்துச் சாமான் என்று நம்பி வாங்கி வைத்தார். எங்கட பக்கத்துத் தச்சனின் கைவேலை என்று அவருக்குத் தெரியவில்லை!

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதி இல்லாத காடும் தரிசும் முடிக்குரிய காணியாகக் கருதப்பட்டன. 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் ரெனன்ற், திருகோணமலைக்கு மேற்கே சமதரை எங்கும் கருங்காலி ஏராளம் என்று எழுதினார். அந்த ஏராளம் இன்று இல்லை. கறுப்பு வைரத்துக்காக மரத்தைச் சாய்த்து, வெள்ளைக் கட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கப்பலேற்றினார்கள். வெட்டின வேகத்துக்கு மரம் வளரவில்லை.

1990இல் இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. வில்பத்து போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் கருங்காலி இன்னும் நிற்கிறது. ஆனாலும் களவாக வெட்டுவது நிற்கவில்லை. விலை உயர்ந்த மரம் என்றால் கோடரி தேடித்தான் வரும்.

1995இல் வலிகாமத்தை விட்டு வந்த எங்கட சனத்துக்கு வன்னிக் காட்டு மரங்கள்தான் நிழல் கொடுத்தன. அந்தக் கடன் எங்களுக்கு உண்டு. ஊருக்குப் போய் வருகிறவர்கள் கருங்காலி யானை வாங்க முன்பு ஒருக்கால் யோசியுங்கோ. காணி உள்ளவர்கள் வேலியோரம் ஒரு கன்று வையுங்கோ. அதன் வைரத்தை நாங்கள் காணமாட்டோம், பேரப்பிள்ளைகள் காணட்டும்.