சுங்கச்சாவடிக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்

1959-இல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் வாஷிங்டன் நகரத்துக்கு ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு காரிலும் ஒரு சின்ன மின்னணுக் கருவி. சந்திப்பைக் கடக்கும்போது அது தன் அடையாளத்தைச் சொல்லும், கணினி கட்டணத்தைக் கணக்கிடும். நெரிசலான நேரத்தில் வந்தால் கூடுதல் காசு. கணினி ஒரு அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. யோசனை அப்படியே கிடந்தது. 1996-இல் விக்ரிக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சிங்கப்பூர் 1998-இல் கிட்டத்தட்ட அதையே செய்துகாட்டியது. அமெரிக்காவிலோ கருவி மட்டும் முதலில் வந்தது: 1993-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஈஸி பாஸ்', பிறகு நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் பரவியது. சாவடியில் நிற்காமல் போகலாம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது. வண்டி வேகம் குறைகிறது, இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது, நாலடி நகர்ந்து மறுபடி நிற்கிறது. காசைக் கொடுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிக்கும்போது புகை குப்பென்று வரும். ஒரே இடத்தில், நாள் முழுக்க, ஆயிரக்கணக்கான வண்டிகள்.

ஜேனட் கரி, ரீட் வாக்கர் இருவரும் அந்த இரண்டு மாநிலங்களின் பிறப்புப் பதிவுகளை எடுத்து 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஈஸி பாஸ் வந்த பிறகு, சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம் குறைப்பிரசவம் 10.8 சதவீதமும், எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது 11.8 சதவீதமும் குறைந்திருந்தன. 2 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது. வசதியானவர்கள் குடிவந்ததால் எண்கள் மாறின என்றும் சொல்ல முடியாது. தாய்மார்களின் பின்னணி உடனே மாறிவிடவில்லை. என்னை நிறுத்தியது இன்னொரு தகவல்: வீட்டு விலையும் உடனே மாறவில்லை. தெருவின் காற்று மாறியது அங்கே வீடு வாங்குகிறவருக்கோ விற்கிறவருக்கோ தெரியவே இல்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இந்தியாவில் 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். மிச்சமாகும் நேரத்தையும் டீசலையும் பற்றி நிறையப் பேசிவிட்டோம். (மென்பொருள்காரர்களான எங்களுக்கு வரிசை குறைந்தாலே வேலை முடிந்தது, டிக்கெட்டை மூடிவிடுவோம்.) பூத்துக்குள் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பவர், பக்கத்து ஊரில் கர்ப்பமாக இருப்பவர், இவர்களெல்லாம் அந்தப் பேச்சில் வருவதில்லை. வண்டிகளுக்கு நடுவே வெள்ளரிப்பிஞ்சும் கடலையும் விற்கிற அக்காவின் நிலைமை இன்னும் சிக்கல். புகை அவருக்குத்தான் அதிகம். வண்டி நின்றால்தான் வியாபாரமும்.