நெஞ்சுக் காயமும் உயிராபத்துகளும்

நெஞ்சில் பலத்த அடிபட்டபின் உயிருக்கு உலை வைப்பவை பெரும்பாலும் வெளியே தெரியாத ஊமைக்காயங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் உள்ள சாமல்பட்டி வட்டாரத்தில் நெஞ்சுக் காயத்துக்கு வழிகள் பல. மாமரத்திலிருந்து விழுவோர் உண்டு, டிராக்டர் கவிழ்வதுண்டு, நெடுஞ்சாலை விபத்தும், மாவட்டமெங்கும் நடக்கும் எருது விடும் விழாவில் கொம்பு பாய்வதும் உண்டு.

இத்தகைய காயங்களின் விளைவுகளுள் மிக விரைவில் கொல்லக்கூடிய ஒன்று அழுத்தக் காற்று மார்பு. நுரையீரலில் ஏற்படும் கிழிசல் ஒருவழிக் கதவாகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று நெஞ்சறைக்குள் கசியும்; வெளியேறாது. சேர்ந்த காற்று நுரையீரலைச் சுருக்கி, இதயத்தை மறுபக்கம் தள்ளி, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரைகளை நெரிக்கிறது. ரத்த அழுத்தம் விழும். கழுத்துச் சிரை புடைக்கலாம். அடிபட்ட பக்கத்தில் மூச்சொலி கேட்காது. இந்நிலையில் எக்ஸ்ரேக்காகக் காத்திருப்பது பெரும் தவறு. ஊசி குத்திக் காற்றை உடனே வெளியேற்றி, பிறகு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில் குழாய் பொருத்த வேண்டும்.

அந்தக் குழாயில் எடுத்த எடுப்பிலேயே 1,500 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் வந்தால் பெரும்பாலும் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருக்கும். இதய உறைக்குள்ளோ, திடீரெனத் தேங்கும் 200 மில்லிலிட்டர்கூட இதயத்தைத் துடிக்கவிடாது. பெருந்தமனி அறுந்தோரில் பெரும்பாலோர் விபத்து நடந்த இடத்திலேயே இறக்கின்றனர்.

கொம்பு துளைத்த காயம் காற்றை உறிஞ்சினால், சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து மூன்று பக்கம் மட்டும் ஒட்டுவது பழகிய முதலுதவி. நான்காம் பக்கம் காற்று வெளியேறும் வழி. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கக் கூடாது.

மெதுவாக வரும் ஆபத்தைத்தான் வீட்டார் அதிகம் தவறவிடுகிறார்கள். நுரையீரல் கன்றிப்போனவர் அன்று நடந்து, பேசி, சாப்பிடவும் செய்வார். அடுத்த ஓரிரு நாளில் மூச்சுத் திணறல் முற்றும். விலா முறிந்த முதியவர் வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி கட்டி நிமோனியா வரும். ஆகவே வலியைத் தணிப்பதும் இங்கே உயிர் காக்கும் சிகிச்சை. நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டும் பழைய வழக்கம் மூச்சை மேலும் குறைக்கும். அதைக் கைவிட வேண்டும்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்காக 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், வரம்புக்கு உட்பட்டு, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். கர்நாடக லாரி ஓட்டுநருக்கும் இது பொருந்தும்.