இருப்புப் பாதை ஏறாத மலை

ஒரு மலையின் வரலாற்றை அறிய விரும்புவோர், அம்மலைக்கு வழி அமைந்த வரலாற்றை முதலில் அறிதல் நன்று. வழியை அமைத்தவர் யார், யாருக்காக அமைத்தார் என்னும் இரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையிலேயே அம்மலையின் பிற்கால வாழ்வு பெரிதும் அடங்கியிருக்கிறது. நீலகிரியும் கொல்லிமலையும் இதற்குத் தக்க சான்றுகள்.

கோடைதோறும் சென்னை மாகாண அரசே உதகமண்டலத்திற்கு இடம்பெயர்ந்த காலம் ஒன்றிருந்தது. குதிரையிலும் மாட்டு வண்டியிலும் ஏறிக் களைத்த அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் எளிய வழியொன்றை நாடினர். மலை இரயில் பற்றிய பேச்சு 1854-இலேயே எழுந்தது. பணி தொடங்கியதோ 1891-இல். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் இரயில் ஓடியது. 46 கிலோமீட்டர் தொலைவுக்குள் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளையும் பள்ளத்தாக்குகளையும் தேயிலைச் சரிவுகளையும் சாளரத்தருகே அமர்ந்தபடியே கண்டு மகிழலாம். உதகையில் தண்டவாளம் முடிகிறது. அதற்கப்பால் சாலை வழியே சென்றால் முதுமலைக் காடு. 1940-இல் வனவிலங்குச் சரணாலயமான அக்காட்டின் ஒரு பகுதி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2007-இல் முதுமலை புலிகள் காப்பகமாயிற்று. மலையின் ஒரு பக்கம் தோட்டமாகவும் நகரமாகவும் மாறிவிட, மறுபக்கத்துக் காட்டைச் சட்டத்தின் வேலியிட்டுக் காக்க வேண்டியதாயிற்று என்பது சிந்திக்கத் தக்கது. எளிதில் வந்து சேர்வோர், மலையைத் தம் வசதிக்கேற்ப மாற்றவும் எளிதில் துணிகின்றனர்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைமேல் இருப்புப் பாதை ஏறவே இல்லை. அதன் அருகிலுள்ள நாமக்கல்லுக்கே சேலம்–கரூர் தடம் வழியாக 2013-இல்தான் பயணிகள் இரயில் வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைக்குச் சென்றோர் காட்டு வழியே நடந்து ஏறினர். நடக்க இயலாதோரை டோலியில் சுமந்தனர். மேலே தினையும் சாமையும் விளைவித்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரைத் தேடிச் சென்றோர் சிலரே. மலைக்காய்ச்சலை நினைத்துப் பலரும் அஞ்சினர்.

அந்த மலைக்கு 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் தங்கி வாழவே ஏறினர். இவர்கள் பாப்டிஸ்ட் சபையின் மறைப்பணியாளர்கள். ஜெஸ்ஸி பிணியாளர்க்கு மருந்து தந்தார். தச்சுத் தொழில் கற்பித்தார். குடிநீர் வழியே பரவும் நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்க வழி காட்டினார். 1929-இல் அம்மலையிலேயே கடுங்காய்ச்சலால் மாண்டார். எவ்லின் பின்னர், எழுபதை நெருங்கிய வயதில், பணியிலிருந்து ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் மீண்டும் மலையேறினார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் காலமானார். அம்மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார்.

வழி இல்லாமையே நன்று என்று கூறிவிட முடியுமா? முடியாது. வழியின்மை மரங்களைக் காத்திருக்கலாம். பேறுகாலத்தில் துடித்த தாயை அது காக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து கொண்டுவரவும் இல்லை. ஆகவே குறை வழியில் இல்லை. வழியில் வருவோரின் நோக்கத்தில் இருக்கிறது. காட்சிக்காக ஏறுவோர்க்கு மலை ஒரு படம். அங்குள்ள மக்களுக்காக ஏறுவோர்க்கோ அது ஓர் ஊர்.

இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகளும் சிற்றுந்துகளும் கொல்லிமலை ஏறுகின்றன. ஆகாய கங்கையைக் கண்டு களிப்பதில் தவறொன்றுமில்லை. ஆயினும், அறப்பளீசுவரர் கோயிலுக்கும் அருவிக்கும் இடையே தலையில் விறகுடன் ஒதுங்கி நின்று நமக்கு வழிவிடும் மனிதரை நாம் காண்கிறோமா? நாம் வீசியெறியும் குப்பை யாருடைய ஓடையில் சேர்கிறது என்று எண்ணுகிறோமா?

ஜெஸ்ஸியும் எவ்லினும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டுள்ள ஊரின் பெயர் வாழவந்தி. அப்பெயர் அவ்விருவர்க்கும் எத்துணைப் பொருத்தம்! நாம் ஒரு நாள் வந்து போகிறவர்களே. எனினும் அந்த ஒரு நாளிலாவது, அங்கு வாழ்வோரின் இல்லத்திற்குள் வந்திருக்கிறோம் என்னும் பணிவோடு நடந்துகொள்ளலாம்.