கர்வ் ஆன ‘முட்டம்’

கத்தோலிக்கக் கோயில் திருவிழா நோட்டீஸின் தலைப்பில் ஊரின் பெயர் ‘முட்டம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். அந்தச் சொல் அங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது.

டிடிபி மையத்தில் தட்டச்சு செய்யும்போது அது பிறக்கிறது. நமக்கு அது நான்கு எழுத்து: மு, ட், ட, ம். யூனிகோடு கணக்கில் ஏழு குறிகள்: ம, உகரக்குறி, ட, புள்ளி, ட, ம, மறுபடியும் புள்ளி. இந்த நிலையில் தேடினால் கிடைக்கும், பிழை இருந்தால் திருத்தலாம், எழுத்துருவையும் மாற்றலாம்.

அடுத்து அச்சகத்துக்குப் போக வேண்டும். சிக்கல் அங்கேதான். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று நம் பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தன. பாமினியில் அடித்த ‘முட்டம்’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். புள்ளி வைத்த இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் அச்சுத் தொழிலை விட்டுப் போய்விடவில்லை. அதனால்தான் அச்சகத்தில், “கர்வ் பண்ணி அனுப்புங்க” என்கிறார்கள்.

கோரல் டிராவில் கன்ட்ரோல் கியூ, இன்டிசைனில் கன்ட்ரோல் ஷிப்ட் ஓ. ஒரு நொடியில் சொல் கோடாகிவிடும்; கர்வ் என்பது இதுதான். ‘ம’வுக்கு வெளியே ஒரு கோடு, உள்ளே மூடிய வெளிக்கு இன்னொரு கோடு. ஓரமெங்கும் சின்னச் சின்னக் கணுக்கள். ரெனால்ட் கார்களின் உடல் வளைவுகளை வரைய பியர் பெஸியே கையாண்ட அதே வகை வளைவுகள்தான் இவை. இனி எந்தக் கணினியிலும் வடிவம் குலையாது. ஆனால் அது ‘முட்டம்’ என்பது கணினிக்குத் தெரியாது.

அப்போதுதான் தொலைபேசி வரும்: திருப்பலி 6.30-க்கு இல்லை, 6.00-க்கு. மூன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் அடிக்க முடியாது. அது இப்போது எண் இல்லை, படம். பக்கத்திலிருக்கும் பூஜ்யத்தைப் பிரதியெடுத்து, மூன்றிருந்த இடத்துக்கு நகர்த்தி, அடிக்கோட்டில் நிறுத்துவார்கள். எண் ஒன்று என்பதால் சமாளித்தாயிற்று. ஒரு பத்தியே மாறினால், அதே எழுத்துருவில், அதே அளவில் புதிதாக அடிப்பதுதான் வழி.

1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் அச்சானது உலோக எழுத்துகளைக் கோத்து. பின்னாளில் ஈய எழுத்து கோத்தவர்களும் அப்படித்தான்; பிழையான எழுத்தை மட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருகினார்கள். அந்த வசதியை நாம் கர்வ் பண்ணும் நொடியில் கைவிடுகிறோம்.

ஆகவே கர்வ் பண்ணுமுன் எழுத்தாகவே ஒரு பிரதியைத் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் போதுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். பல வேலைகளுக்கு அதுவே போதும்.

இது வெறும் திருத்த வசதிக்காகச் சொல்வதல்ல. கொடியேற்றியவர், மறையுரை ஆற்றியவர், ஒவ்வொரு நாளையும் சிறப்பித்த அன்பியக் குழு என்று ஓர் ஊரின் ஆண்டுக் கணக்கு அந்த நோட்டீஸில் இருக்கிறது. இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை தன் தாத்தாவின் பெயரைத் தேடுவான். கோடாக மட்டும் வைத்திருந்தால், கோப்பு கையில் இருந்தும் தேடலில் பெயர் வராது.