நூறு நாள் என்னும் அளவுகோல்

புதிய அதிபர் ஒருவர் பொறுப்பேற்றதும் நாம் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். நூறாவது நாளில் மதிப்பெண் பட்டியலும் தயாராகிவிடுகிறது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது?

1933 மார்ச் 4 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. வங்கிகள் அடுத்தடுத்துத் திவாலாகிக்கொண்டிருந்தன. அவர் எல்லா வங்கிகளையும் தற்காலிகமாக மூடினார். மார்ச் 12 இரவு வானொலியில், வங்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிய மொழியில் விளக்கினார். மறுநாள் முதல் வங்கிகள் திறந்தபோது, அச்சத்தில் பணத்தை எடுத்துச் சென்றவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினார்கள். நிலைமையை மறைக்காமல் சொல்லும் ஒரு குரலுக்காகவே மக்கள் காத்திருந்தார்கள் என்று நாம் கருதுகிறோம்.

நூறு நாள் என்பது உண்மையில் மார்ச் 9 முதல் ஜூன் 16 வரை நடந்த காங்கிரஸ் சிறப்புக் கூட்டத்தொடரின் கணக்கு. அதன் இறுதி நாளில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட இரு சட்டங்களைப் பார்ப்போம். தேசியத் தொழில் மீட்புச் சட்டம் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. 1935இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. வங்கிச் சட்டம் வைப்புத்தொகைக் காப்பீட்டை உருவாக்கியது. அக்காப்பீட்டை ரூஸ்வெல்ட்டே முதலில் விரும்பவில்லை. இன்றும் அமெரிக்கச் சேமிப்பாளர்களைக் காத்து நிற்பது அதுதான்.

நூறாவது நாளில் தீர்ப்பெழுதியிருந்தால் எதற்கு அதிக மதிப்பெண் தந்திருப்போம்? எதிர்பார்ப்பது குடிமக்களின் உரிமை. பொறுத்திருந்து கணக்குப் பார்ப்பதும் அவ்வுரிமையில் அடங்கும்.