மனையும் கூரையும்: கடம்பத்தூர் வட்டாரத்தில் வீடு பழுதுபார்ப்புக்கான அரசு உதவி

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிக் குடியிருப்புகளின் வரலாற்றை எழுதுவோர் ரூபா விஸ்வநாத்தைப் படிக்காமல் நகர முடியாது. 2014இல் வெளிவந்த ‘தி பறையா ப்ராப்ளம்’ என்ற அவரது நூல், 1890கள் தொடங்கி அரசும் மிராசுதாரரும் மறைப்பணியாளரும் சேரி மக்களும் மோதிய களத்தை ஆவணங்களின் வழியே திறந்து காட்டியது. இன்றைய கடம்பத்தூர் ஊராட்சி ஒன்றியம் அந்தக் களத்துக்குள் அடங்கிய பகுதி. 1997இல் தனி மாவட்டமாகும் வரை திருவள்ளூர் வட்டாரம் முழுவதும் செங்கல்பட்டோடு சேர்ந்தே இருந்தது. ஒழுகும் தொகுப்பு வீட்டுக்குப் பணம் கேட்டு ஒன்றிய அலுவலகத்தில் இன்று மனு கொடுப்பவரின் நிலையைப் புரிந்துகொள்ள விஸ்வநாத்தின் வாசிப்பு போதுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. போதாது என்று வாதிடுகிறேன். வீட்டின் வரலாற்றை அவர் மனையின் வரலாறாகவே படிக்கிறார். கூரைக்கு வேறொரு வரலாறு உண்டு.

மனை என்ற அளவுகோல்

அவர் வாதத்தை முழுமையாகச் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு அதன் முதல் தூண். சேரி நத்தத்தில் தலைமுறைகளாகக் குடியிருந்தவருக்கும் அந்த மண்ணில் உரிமை உறுதியாக இல்லை. தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து மனு போட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லி மிராசுதாரர் மிரட்ட முடிந்தது. இதை அந்தக் குறிப்பு அரசின் முன் வைத்தது. வருவாய் வாரியம் அதை மனமுவந்து ஏற்கவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010ஏ எண்ணிட்ட வருவாய்த்துறை ஆணைகள் பிறந்தன. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்டவற்றுக்கு அடிப்படை அவைதாம். திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மறைப்பணியாளர் வில்லியம் கவுடி போன்றோர் அக்காலத்தில் சேரி மக்களுக்காக எழுதியும் வாதாடியும் வந்தனர்.

இரண்டாம் தூண், 1920 அளவில் தொழிலாளர் ஆணையர் துறை மேற்கொண்ட மனைத் திட்டம். அரசு நிலத்தைக் கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்தது. மனை பெற்றவர்கள் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே தவணையில் விலையைக் கட்டினர். இலவசமாக எதுவும் கொடுக்கப்படவில்லை. அப்படியிருந்தும் நிலவுடைமையாளர் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஏன்? மனை கைமாறினால் ‘வெளியே போ’ என்று சொல்லும் அதிகாரமும் கைமாறுகிறது. அந்த அதிகாரம் போனால் கட்டுப்பட்ட உழைப்பும் போகிறது. விஸ்வநாத் தரும் விடை இதுதான். சாதியும் அரசும் பின்னிப் பிணைந்திருந்த நிர்வாகம், உரிமைப் பிரச்சினையாக எழுந்ததை மெல்ல மெல்லச் சமூக நலப் பிரச்சினையாக மாற்றி, அதன் கூர்மையை மழுக்கியது என்கிறார்.

இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். மனை இல்லாதவருக்கு வேறெதுவும் நிலைக்காது. 1961இல் வந்த குடியிருப்பு வெளியேற்றத் தடுப்புச் சட்டமும், 1971இல் வந்த குடியிருப்பு உரிமையளிப்புச் சட்டமும் அவர் காட்டும் பாதையின் நேர்த் தொடர்ச்சி. இன்றும் பட்டா இல்லாதவரின் வீட்டு மனு முதல் மேசையிலேயே நின்றுவிடுகிறது. என் கருத்து வேறுபாடு அடுத்த படியில் தொடங்குகிறது. மனை கிடைத்த அன்றே சார்புநிலை அறுந்தது என்ற முடிவு அவர் வாசிப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆனால் அதன் கட்டமைப்பில் அடங்கியிருக்கிறது. வெளியேற்றம் என்ற ஒற்றை நிகழ்வை அளவுகோலாக வைத்தால், ஆண்டுதோறும் திரும்பி வரும் சிறு தேவைகள் கணக்கில் விழுவதில்லை.

கூரைக்குக் கேட்ட கை

மண்சுவர் எழுப்பக் குடும்பத்தின் கைகளே போதும். ஏரி மண்ணும் தண்ணீரும் ஊரில் கிடைக்கும். கூரை அப்படியில்லை. வைக்கோலோ கீற்றோ வேய்ந்த கூரையை ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டும்; பனையோலை சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஐப்பசி அடைமழைக்குமுன் வேய்ந்து முடிக்காவிட்டால் சுவரும் கரைந்துவிடும். இதற்கு வேண்டிய ஓலை, கழி, மூங்கில், வைக்கோல் எல்லாம் யாருடைய நிலத்தில் விளைந்தன? தொண்டை மண்டலத்து மிராசு உரிமை பற்றி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எழுதி 1818இல் வெளிவந்த விடைகளும், பின்வந்த நீண்ட வழக்காடல்களும் காட்டுவது ஒன்று: பயிர் நிலத்தின் மேல் மட்டுமல்லாமல் ஊர்த் தரிசின் மேலும் அதன் விளைச்சலின் மேலும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். வைக்கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது களத்திலிருந்து வருவது, களம் அவர்களுடையது.

ஆகவே மனை சொந்தமான பின்னும், புரட்டாசியில் கூரை மாற்றும் குடும்பம் அதே வாசலில் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருந்தது என்று கருதுகிறேன். கேட்டது கிடைத்தால் அது கடனாகவோ, கூலியில் கழிவாகவோ, தை அறுவடையில் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டிய கடமையாகவோ மாறும். இது ஓர் ஊகம். நேரடி ஆவணச் சான்று மெலிந்தது, ஏனெனில் ஒரு கட்டு ஓலைக்கு எவரும் பத்திரம் எழுதுவதில்லை. வெளியேற்றத்துக்கு மனு உண்டு, வழக்கு உண்டு, கோப்பு உண்டு. கோப்புகளை மட்டும் பின்தொடரும் வரலாறு மனையைக் கண்டு கூரையைத் தவறவிடுவது இதனால்தான். சான்று மெலிந்திருப்பதால் கூரைவழிச் சார்பே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பொருள் யாரிடம் இருந்தது, எத்தனை ஆண்டுக்கொருமுறை தேவைப்பட்டது என்ற இரண்டும் உறுதியாகத் தெரிந்திருக்கும்போது, கேட்டு வாங்கும் உறவு இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. அதன் விலை ஊருக்கு ஊர் மாறியிருக்கலாம்.

காங்கிரீட்டின் வாக்குறுதி

இப்படிப் பார்த்தால் 1970களுக்குப் பிந்தைய வீட்டுத் திட்டங்கள் வேறு பொருள் பெறுகின்றன. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ என்ற அரசுக் கழகம் ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டும் வேலையையே முதன்மையாகக் கொண்டது. 1985-86இல் வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பிறந்து, 1996 ஜனவரியில் தனித் திட்டமானது இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம். தமிழ்நாடு அரசு அதில் காங்கிரீட் தளத்துக்கென்றே தன் நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்த்துக் கொடுத்தது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் 300 சதுர அடியில் சூரியசக்தி விளக்கோடு வந்த பசுமை வீடு, 2024இல் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய் மதிப்பில் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆட்சிகள் மாறியும் தளத்தின் மீதான பிடிப்பு மாறவில்லை. இனி கூரை மாற்றவே வேண்டாம் என்பதே அந்தத் தளம் தந்த வாக்குறுதி. புரட்டாசிக் கவலையிலிருந்து அது விடுதலை. அந்த விடுதலையின் அருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் பழுதுபார்ப்பு இனித் தேவையில்லை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வந்தது. நிதி விதிகளில் அதைப் படிக்கலாம். இந்திரா நினைவு குடியிருப்பில் 1999-2000 முதல் ஒதுக்கீட்டில் 20 சதவீதம் பழைய கச்சா வீடுகளை மேம்படுத்த ஒதுக்கப்பட்டது. சமவெளியில் புது வீட்டுக்கு 20,000 ரூபாய், மேம்பாட்டுக்கு 10,000: சரிபாதி. 2004இல் 25,000, 12,500: அப்போதும் பாதி. 2008இல் 35,000, 15,000. 2010இல் புது வீட்டுத் தொகை 45,000 ஆனது. 2013இல் 70,000 ஆனது. மேம்பாட்டுத் தொகை 15,000த்திலேயே நின்றது. பாதியாகத் தொடங்கிய பங்கு பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. 2016இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் அந்தத் தனிப்பிரிவே இல்லை, 1.20 லட்சம் புது வீட்டுக்குத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த மேம்பாட்டுத் தொகை கச்சா வீட்டுக்கானது. அரசே கட்டிக்கொடுத்த வீடு பழுதானால், ஒருமுறை பயனாளி என்று பதிவான குடும்பத்துக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. இரும்புக் கம்பியை மூடிய காங்கிரீட் போதிய கனமில்லாமல் போனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, பூச்சு பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும். ஓலை கிடைத்தால் குடும்பமே மாற்றிக்கொள்ளும். துருவேறிய தளத்துக்குக் கொத்தனாரும் சிமெண்டும் ரொக்கமும் வேண்டும். சார்புநிலை மிராசுதாரரின் களத்திலிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு இடம் மாறியது என்பதே என் வாசிப்பு.

ஒரு சுவரெழுத்து

கடம்பத்தூர் ஒன்றியத்தின் ஒரு காலனித் தெருவில் நான் படித்த சுவரெழுத்து இந்த வரலாற்றின் முடிச்சு ஒன்றைத் தாங்கி நிற்கிறது. திட்ட வீடுகளின் முகப்பில் திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பயனாளியின் பெயரையும் எழுதுவது வழக்கம். இங்கே நீலச் சதுரத்தில் வெள்ளை எழுத்து. மேலே சுண்ணாம்புப் பூச்சு. ‘குடியிருப்பு’ என்ற சொல் தெளிவு. அதற்குக் கீழே ஆண்டு வரியில் ‘2000’ மட்டும் எஞ்சியிருக்கிறது. இடப்புறம் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது; வலப்புறம் மின்மீட்டர் பெட்டி மறைக்கிறது.

இந்த ‘2000’ எந்த நிதியாண்டின் பகுதி? 1999-2000இன் பிற்பாதியாகவும் இருக்கலாம். 2000-01இன் முற்பாதியாகவும் இருக்கலாம். எழுத்து வரிசையின் நடுக்கோட்டைக் கொண்டு கணித்தால் இடப்புறத்தில் நான்கு எண்களுக்கு இடம் உண்டு. வலப்புறத்தில் இரண்டு எண்களுக்கும் இடம் உண்டு. வலப்புறம் தெரியும் சிறு கோடு இடைக்கோடாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். எழுதியவர் அனுமதி ஆண்டைக் குறித்தாரா, வேலை முடிந்த ஆண்டைக் குறித்தாரா என்பது அடுத்த கேள்வி. பணி ஆணை ஓராண்டும் கடைசி பில் மறு ஆண்டுமாக அமைவது இத்திட்டங்களில் புதிதல்ல. எழுத்தின் இடைவெளியை வைத்து 1999-2000 என்ற முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறேன்; அதை முடிவாக முன்வைக்கவில்லை.

இந்தச் சந்தேகம் வெறும் எழுத்தாராய்ச்சிச் சிக்கலன்று. 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்த ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம், 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.50 லட்சம் வீடுகளுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சராசரியாக வீட்டுக்கு 80,000. பழுதுபார்க்கவே முடியாத நிலையிலுள்ள வீடுகளுக்காக 2025-26 வரவுசெலவுத் திட்டம் 600 கோடியில் 25,000 வீடுகளை மறுகட்டுமானம் செய்ய வழிவகுத்தது. அதன் கணக்கு வீட்டுக்கு 2.40 லட்சம். எல்லை ஆண்டை ஒட்டி நிற்கும் ஒரு வீட்டின் தகுதியை மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் இரண்டு எண்கள் தீர்மானிக்கக்கூடும். 1999-2000இல்தான் மேம்பாட்டுப் பிரிவும் தொடங்கியது என்பதால், எழுத்திலுள்ள திட்டப் பெயர் புது வீட்டைக் குறிக்கிறதா, மேம்படுத்திய பழைய வீட்டைக் குறிக்கிறதா என்பதும் திறந்தே கிடக்கிறது.

ஆண்டா, வயதா?

2024ஆம் ஆண்டுத் திட்டத்தை வெறும் சலுகையாகப் படிப்பது தவறு. தான் கட்டிய வீட்டின் பழுதுக்கும் தானே பொறுப்பு என்று அரசு இவ்வளவு பெரிய தொகையில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. மனையுரிமை 1892இல் தொடங்கி 1971 வரை நடந்த போராட்டத்தின் பயன் என்றால், பழுதுரிமை இப்போதுதான் எழுத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறது. 1920களின் வரலாற்றில் விஸ்வநாத் கண்ட ஆபத்து, அதாவது உரிமை நலத்திட்டமாக நீர்த்துப்போவது, இங்கும் நேரலாம். அந்த எச்சரிக்கைக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நீர்த்துப்போகாமலிருக்க ஒரு திருத்தம் அவசியம். எல்லையை ஆண்டால் வகுப்பதைவிட வீட்டின் வயதால் வகுக்க வேண்டும். 2000-01 என்ற கோடு 2024இல் நியாயமானது. அன்று அது ஏறத்தாழ கால் நூற்றாண்டு வயதைக் குறித்தது. அதே கணக்கில் 2010இல் எழுந்த கலைஞர் வீடுகள் 2035இல் அந்த வயதை அடையும், பசுமை வீடுகள் அதற்கடுத்த ஆண்டுகளில். அப்போதும் 2000-01தான் எல்லை என்றால் அந்தக் குடும்பங்கள் வெளியே நிற்கும். வீட்டு வரி வசூலிக்கும் ஊராட்சியிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரிப் பதிவு இருக்கிறது. வீடு எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டு அனுமதியில் எழுந்தது என்ற இரண்டு விவரங்களை அதிலேயே சேர்த்து, கிராம சபையில் படித்து உறுதிசெய்தால், சுவரில் அழிந்த எண்களுக்காக எவரும் தகுதி இழக்க வேண்டியதில்லை.